டன்வேகன் கோட்டையும் நாகப்பட்டினத்து வாசலும்

செப்டம்பர் 7, ஞாயிறு – இன்வர்னஸ்

தம்பி ஸ்காட்லாந்துக்கு வேலைக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. "ஒரு தடவை வந்துட்டுப் போக்கா" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் போனில் சொல்வான். இந்த வருஷம்தான் எனக்கு வாய்த்தது. ஐந்து நாள் லீவு போட்டிருக்கிறான், காரும் அவன்தான் ஓட்டுகிறான். எங்கே போகலாம் என்று கேட்டபோது நான் ஒரே ஒரு பெயர்தான் சொன்னேன்: டன்வேகன். ஸ்கை தீவில் கடலை ஒட்டிய பாறைமேல் இருக்கிற கோட்டை. மெக்லவுட் குலத்தின் தலைவர்களுக்கு 800 வருஷமாக அதுதான் வீடு. பாழடைந்த கோட்டைகள் நிறையப் பார்த்தாயிற்று. ஆள் குடியிருக்கும் கோட்டை எப்படி இருக்கும் என்று பார்த்துவிடவேண்டும் என்று ஆசை.

அதற்கு முன்னால் கல்லோடனைப் பார்த்துவிடு, இல்லையென்றால் மற்றதெல்லாம் புரியாது என்றான் தம்பி. அவன் சொன்னது சரி. இன்வர்னஸிலிருந்து கால் மணி நேரம். ஒரு பொட்டல், அவ்வளவுதான். 1746 ஏப்ரல் 16 அன்று இழந்த அரியணையை மீட்க வந்த ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸை நம்பி வந்த மலைநாட்டு மக்கள் அரசாங்கப் படையிடம் இங்கே தோற்றார்கள். சண்டை ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. இளவரசர் பக்கம் 1,500 பேர் வரை விழுந்தார்கள். இரண்டு படைகளும் நின்ற இடத்தைக் காட்ட நீலக் கொடிகளும் சிவப்புக் கொடிகளும் நட்டிருக்கிறார்கள். நடுவே புல் மேடுகள். ஒவ்வொன்றின் முன்னும் குலத்தின் பெயர் வெட்டிய ஒரு கல். கற்களை 1881-இல்தான் வைத்தார்களாம்.

ஒரு கல்லின் முன்னால் வயதானவர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது, வழுக்கைத் தலையில் நீர் ஓடியது, துடைத்துக்கொள்ளவில்லை. நாங்கள் சற்றுத் தள்ளிப் பேசாமல் நின்றோம். போகும்போது அவரே எங்களைப் பார்த்துச் சிரித்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். பேச்சு வளர்ந்தது. 'க்ளான்' என்பதைக் குலம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மலைநாட்டு மக்களின் கேலிக் மொழியில் அதற்குப் பிள்ளைகள் என்று அர்த்தம் என்றார் அவர். 'மெக்' என்றால் மகன். மெக்லவுட் என்றால் லவுடின் மகன். தலைவர் அப்பன், மற்றவர்கள் எல்லாம் பிள்ளைகள். நிலம் அப்பனுடையதா பிள்ளைகளுடையதா என்ற கேள்வியே அன்றைக்கு யாருக்கும் எழவில்லை. கல்லோடனுக்குப் பிறகு அரசாங்கம் குலத்தலைவர்களின் நீதி வழங்கும் உரிமையைப் பிடுங்கிக்கொண்டது, மலைநாட்டு உடையைத் தடை செய்தது. அதன்பின் அப்பன்கள் கொஞ்சம் கொஞ்சமாக நிலச்சுவான்தார்கள் ஆனார்கள் என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

பிள்ளைகள் என்ற அந்த வார்த்தை காரில் வரும்போதும் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ராத்திரி ஹாகிஸ். ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலைக் கொத்தி, ஓட்ஸும் வெங்காயமும் மிளகும் சேர்த்து வேகவைத்தது. ஊரில் இதைச் சொல்லி முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. ஆட்டுக்குடல் குழம்பில் இட்லியை முக்கிச் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு இது சொந்தக்காரச் சாப்பாடு. மிளகு நன்றாகவே தூக்கலாக இருந்தது. கூடவே மசித்த உருளைக்கிழங்கும், மசித்த மஞ்சள் நிறக் கிழங்கு ஒன்றும். தட்டு 16 பவுண்டு.

செப்டம்பர் 8, திங்கள் – ஸ்கை தீவை நோக்கி

காலையில் கிளம்பி நெஸ் ஏரிக்கரையோடு போய் மேற்கே திரும்பினோம். மலையெல்லாம் ஹெதர் புதர் பூத்து, முடியும் பருவம். ஊதா நிறம் காய்ந்து பழுப்பாகிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் வெயில், பத்து நிமிஷம் மழை, மறுபடி வெயில். வானவில்லை எண்ணத் தொடங்கி ஏழோடு விட்டுவிட்டேன்.

வழியில் ஐலன் டோனன் கோட்டை. காலண்டரிலும் பிஸ்கெட் டப்பாவிலும் வருகிற அதே கோட்டை. மூன்று நீர்ப்பரப்புகள் கூடும் இடத்தில் சின்னத் தீவு, அதற்கு ஒரு கல் பாலம். கூட்டம் திருவிழாக் கூட்டம். 1719-இல் ஸ்பெயின் நாட்டு வீரர்கள் உள்ளே இருந்தபோது அரசாங்கக் கப்பல்கள் சுட்டுத் தகர்த்து, பிறகு வெடிமருந்து வைத்தே உடைத்துவிட்டார்கள். 200 வருஷம் கற்குவியலாகக் கிடந்ததை மெக்ரே குலத்துக்காரர் ஒருவர் 1912-இல் தொடங்கி 1932-இல் கட்டி முடித்தார். நாம் பார்ப்பது நூறு வயதுகூட ஆகாத கட்டடம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு மனசு ஒட்டவில்லை. ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம்.

ஸ்கை பாலம் 1995-இல் திறந்தது. முதலில் கடுமையான சுங்கம் வசூலித்தார்கள். தீவு மக்கள் பணம் கட்ட மறுத்து, நீதிமன்றம் ஏறி, வருஷக்கணக்கில் போராடி 2004-இல் அதை ஒழித்தார்கள். பாலம் ஏறும்போது தம்பி இதைப் பெருமையாகச் சொன்னான், ஏதோ அவனும் வழக்குக்குப் போனவன்போல. இந்த ஊர் அவனுக்குள் இறங்கிவிட்டது என்று அப்போது தெரிந்தது.

போர்ட்ரீ வந்து சேர்ந்தபோது மணி ஆறு. தங்கப் பதிவு செய்திருந்த வீட்டின் கதவைத் தட்டினால், உங்கள் பதிவு அடுத்த மாதம் எட்டாம் தேதிக்கு என்றார்கள். நாங்கள் முன்பதிவு செய்த இணையதளம் தேதியை மாற்றிப் பதிந்திருக்கிறது. கட்டிய 140 பவுண்டு இன்றைக்கு எங்களுக்கு உதவாது. ஊரில் ஒரு அறை காலி இல்லை. மழை சரிந்து அடிக்கிறது. தம்பிக்கு முகம் வாடிவிட்டது, அக்காவை அழைத்து வந்து இப்படி ஆகிவிட்டதே என்று.

பெட்ரோல் போடப் போன இடத்தில், கல்லாவில் இருந்த பெண்மணி எங்கள் பேச்சின் தொனியை மட்டும் வைத்தே ஏதோ சிக்கல் என்று புரிந்துகொண்டார். என்ன விஷயம் என்று கேட்டார். பின்னால் மூன்று பேர் வரிசையில் நிற்க, போனை எடுத்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிட ஆரம்பித்தார். வரிசையில் நின்றவர்களும் முணுமுணுக்கவில்லை. அதில் ஒருவர், என் சித்தியிடம் கேட்டுப் பார் என்று எண்ணும் கொடுத்தார். நாலாவது அழைப்பில் டன்வேகனிலேயே ஒரு வீட்டில் மாடி அறை கிடைத்தது. ராத்திரிக்கு 85 பவுண்டு, காலைச் சாப்பாட்டோடு. நாங்கள் நன்றி சொல்லி முடிப்பதற்குள் அவர் அடுத்த ஆளுக்குப் பில் போடத் தொடங்கிவிட்டார்.

செப்டம்பர் 9, செவ்வாய் – டன்வேகன்

காலையில் உப்புப் போட்ட ஓட்ஸ் கஞ்சி. வீட்டுக்காரம்மா சர்க்கரையும் வைத்தார், ஆனால் நான் உப்பையே எடுத்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "நோய்க்கஞ்சி மாதிரியே இருக்குல்லக்கா?" என்றான் தம்பி. ஊறுகாய் மட்டும்தான் குறை.

ஜன்னலுக்கு வெளியே உச்சியைக் கத்தியால் சீவியதுபோல் இரண்டு மலைகள். மெக்லவுட் மேசைகள் என்று பெயர். எட்டாவது தலைவர் அலஸ்டேர், கூன் விழுந்த முதுகுக்காரர். எடின்பரோ அரண்மனை விருந்தில், உங்கள் ஊரில் இப்படிக் கூடமும் மேசையும் உண்டா என்று யாரோ கிண்டல் செய்திருக்கிறார்கள். இதைவிட உயர்ந்த கூரையும் பெரிய மேசையும் உண்டு என்று சொல்லி, அவர்கள் தீவுக்கு வந்தபோது இந்த மலையுச்சியில் விருந்து வைத்தாராம். கூரை நட்சத்திர வானம். விளக்குத்தண்டுகளுக்குப் பதிலாகக் குலத்து ஆட்கள் தீப்பந்தம் பிடித்து நின்றார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ராத்திரி முழுக்கப் பந்தம் பிடித்து நின்றவர்களுக்கு அன்றைக்கு யார் சோறு போட்டது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

கோட்டைக்கு மரங்களுக்கு நடுவே நடந்து போகவேண்டும். திடீரென்று எதிரே நிற்கிறது. வெளிப்பார்வைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பனை செய்த முகம்: மதில் பற்கள், சின்னச் சின்னக் கோபுரங்கள். ஒரே கட்டடம்போலத் தெரிந்தாலும், வெவ்வேறு காலத்தில் கட்டிய ஐந்தாறு கட்டடங்களைச் சேர்த்து ஒரே சட்டை போட்டுவிட்டதுதான் அது. 1748 வரை நிலத்தின் பக்கம் வாசலே கிடையாது. வந்தவர்கள் எல்லாரும் படகில் வந்து, கடல் வாசல் வழியாகப் பாறைப் படியேறித்தான் வரவேண்டும். அந்தக் கடல் வாசலுக்கும் போய் நின்றேன். குறுகலான படிகள், பாசி வழுக்கல். அலை வந்து மோதும்போது உப்பு முகத்தில் தெறித்தது. மற்ற வாசலைவிட இதுதான் கோட்டையின் உண்மையான முகம் என்று எனக்குப் பட்டது.

உள்ளே கம்பளம், ஓவியங்கள், பீங்கான், புத்தக அலமாரி. ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் 1773 செப்டம்பரில் இங்கே வந்து, மழையில் மாட்டிக்கொண்டு ஒரு வாரத்துக்கு மேல் தங்கி, கிளம்ப மனசில்லாமல் போனார். இன்று பெய்த மழையைப் பார்த்தபோது அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

தேவதைக் கொடியின் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பழைய பட்டுத் துணி. பழுப்பும் மஞ்சளும் கலந்த நிறம், காய்ந்த வாழைச்சருகு மாதிரி. ஓரங்கள் கிழிந்து தொங்குகின்றன. உற்றுப் பார்த்தால் தையல் தெரிகிறது. கொடியில் விழுந்த ஓட்டைகளை யாரோ நூல் நூலாக இழையோட்டி அடைத்திருக்கிறார்கள். அம்மா தன் கல்யாணக் கூறைப்புடவையில் கிழிந்த இடத்தை இப்படித்தான் இழை எடுத்துத் தைப்பாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் அருங்காட்சியக நிபுணர் ஒருவர் வந்து ஆராய்ந்து, பட்டு சிரியாவிலோ ரோட்ஸ் தீவிலோ நெய்தது, மிகப் பழையது, அந்த ஒட்டுத்தையலும் கிழக்கிலேயே போட்டது என்றார். அப்போதைய தலைவர் அதைக் கேட்டுவிட்டு, நீங்கள் அப்படி நம்பலாம், ஆனால் இது தேவதை கொடுத்தது என்று எனக்குத் தெரியும் என்றாராம். நிபுணரும் தலைவணங்கி ஒப்புக்கொண்டார்.

தேவதை கொடுத்த கதை பலவிதமாக இருக்கிறது. எனக்குப் பிடித்தது இது. கீழே கூடத்தில் விருந்து. தொட்டிலில் தலைவரின் பிள்ளை. பார்த்துக்கொள்ளவேண்டிய தாதி விருந்துச் சத்தம் கேட்டு இறங்கிப் போய்விட்டாள். பிள்ளை போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுக் குளிரில் அழுகிறது. கேட்க ஆளில்லை. தேவதை ஒருத்தி வந்து இந்தப் பட்டில் சுற்றி, தாலாட்டுப் பாடித் தூங்கவைத்துவிட்டுப் போனாள். ஆபத்தில் விரித்தால் கொடி குலத்தைக் காக்கும், மூன்று முறை மட்டும். இரண்டு முறை சண்டையில் விரித்தாயிற்று, மூன்றாவது பாக்கி. இரண்டாம் உலகப்போருக்குப் போன குலத்துப் பையன்கள் இதன் புகைப்படத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள்.

பக்கத்தில் ரோரி மோர் என்ற பழைய தலைவரின் கொம்பு. வெள்ளி விளிம்பு போட்ட காளைக் கொம்பு, ஒன்றரை பாட்டில் சிவப்பு ஒயின் கொள்ளும். தலைவராக வருகிறவர் கீழே வைக்காமலும் கீழே விழாமலும் ஒரே மூச்சில் குடிக்கவேண்டும் என்பது முறை. 1965-இல் 29-ஆவது தலைவர் 1 நிமிடம் 57 நொடியில் குடித்து முடித்தார். அதே தலைவர்தான் 2000-இல், ஒழுகும் கோட்டைக் கூரையைச் சரிசெய்யப் பணம் வேண்டும் என்று தீவின் குயிலின் மலைத்தொடரையே ஒரு கோடி பவுண்டுக்கு விற்பனைக்கு அறிவித்தவர். மலை உனக்குச் சொந்தம் என்று யார் சொன்னது என்று மக்கள் கொதித்தெழுந்து, கடைசியில் விற்பனை நின்றது. கல்லோடனில் அந்தப் பெரியவர் சொன்னது 250 வருஷம் கழித்தும் தீரவில்லை.

நிலவறைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். பாறையில் குடைந்த ஆழமான குழி, கீழே இருட்டு. சமையலறை வாசனை பட்டினி கிடக்கும் கைதிக்கு வந்து சேரும்படி ஒரு திறப்பு வைத்திருந்தார்கள் என்று சொல்கிறார்கள். அதற்குமேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

மேலே கூடத்தில் வழிகாட்டியாக நின்ற பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும். அவரிடம் நான் கேட்கவேண்டும் என்று வைத்திருந்ததைக் கேட்டேன். 1739-இல் ஸ்கை, ஹாரிஸ் தீவுகளிலிருந்து சுமார் நூறு பேரை, ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக, ராத்திரியில் பிடித்துக் கப்பலில் ஏற்றினார்கள். அமெரிக்கத் தோட்டங்களில் விற்க. கப்பல் அயர்லாந்தின் டொனகடி துறையில் நின்றபோது அவர்கள் தப்பி ஓடினார்கள், அதனால் விஷயம் வெளியே வந்தது. அப்போது இங்கே இருந்த 22-ஆவது தலைவருக்கும், பக்கத்து மெக்டொனால்ட் தலைவருக்கும் இதில் பங்குண்டு என்று அன்றே குற்றச்சாட்டு எழுந்தது. இருவரும் மறுத்தார்கள். அந்தப் பிடி அரசாங்கத்தின் கையில் இருந்ததால்தான் 1745-இல் அவர்கள் இளவரசர் பக்கம் போகவில்லை என்று சொல்கிறவர்களும் உண்டு.

அந்த அம்மா கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. ஆமாம், அப்படி ஒரு கப்பல் போனது, அதை இன்றும் கேலிக்கில் 'மனிதர்களின் கப்பல்' என்கிறோம் என்றார். பிறகு, இவரையும் பாருங்கள் என்று 25-ஆவது தலைவரைப் பற்றிச் சொன்னார். 1846-இல் உருளைக்கிழங்கு நோய் வந்து தீவே பட்டினி கிடந்தபோது, அவர் தன் பணத்தில் தானியம் வாங்கி மக்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கைப்பணம் தீர்ந்து கடனில் மூழ்கி, கோட்டையை வாடகைக்கு விட்டுவிட்டு, லண்டனில் குமாஸ்தா வேலைக்குப் போனார். ஒரே கொம்பில் குடித்த வம்சம். ஒருவர் காலத்தில் பிள்ளைகள் கப்பலேறினார்கள், இன்னொருவர் பிள்ளைகளுக்காக வீட்டைவிட்டே போனார். நான் அந்த இருவரையும் மாறி மாறி நினைத்துக்கொண்டு நின்றேன்.

எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். தென்னிந்தியா என்றதும், 23-ஆவது தலைவர் படையோடு அங்கே போனவர், 1782-இல் பொன்னானியில் திப்புவோடு சண்டை போட்டவர் என்றார். தென்னிந்தியாவில் எந்த ஊர்? நாகப்பட்டினம் என்றேன்.

அவர் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார். "நெகபட்டம்?" என்று திருப்பிச் சொன்னார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் பிறந்தது இன்வர்னஸுக்கு வடக்கே ஆல்னஸ் பக்கம், எங்கள் ஊர் மலையுச்சியில் உங்கள் ஊர்க் கோட்டை வாசல் நிற்கிறது, சின்ன வயதில் ஞாயிறுதோறும் அதில்தான் ஏறி விளையாடுவோம் என்றார். நான் தம்பியைப் பார்த்தேன். "எனக்குத் தெரியாதுக்கா, சத்தியமா" என்றான். அவன் வீட்டிலிருந்து அரைமணி நேர தூரம்.

வெளியே வந்து ஒரு கடையில் கல்லன் ஸ்கிங்க் சூப் குடித்தோம். புகைபோட்ட ஹேடாக் மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால். பாலும் மீனுமா என்று முதலில் தயங்கினேன். புகைமீன் வாசனை ஏறியதும், மழையில் நனைந்த உடம்புக்கு அதுபோல ஒன்று கிடையாது. 8 பவுண்டு, நம்மூர்ப் பணத்துக்கு ஏறக்குறைய 950 ரூபாய். ரொட்டியைத் தொட்டுத் தொட்டுக் கிண்ணத்தைத் துடைத்துவிட்டேன். மனசு மட்டும் ஆல்னஸ் மலையில் இருந்தது.

செப்டம்பர் 10, புதன் – ட்ரம்பன், கிளென்டேல்

காலையில் வாட்டர்னிஷ் முனையில் ட்ரம்பன் தேவாலயம். கூரையில்லாத நான்கு சுவர், சுற்றிலும் கல்லறைகள், கீழே கடல். 1578-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை யூயிஸ்ட் தீவின் மெக்டொனால்டுகள் மூடுபனியில் படகில் வந்து, மெக்லவுடுகள் உள்ளே வழிபாட்டில் இருக்கும்போதே கதவை அடைத்துத் தீ வைத்தார்கள். ஒரே ஒரு பெண் தப்பினாள் என்கிறார்கள். சேதி டன்வேகனுக்குப் போய், அங்கிருந்து ஆட்கள் தேவதைக் கொடியோடு வந்து, வந்தவர்களைக் கரையிலேயே வெட்டினார்கள். பிணங்களை ஒரு கல்வேலி ஓரம் வரிசையாகப் போட்டு வேலியை அவர்கள்மேல் தள்ளி மூடினார்கள். அதற்கு முந்தைய வருஷம் எக் தீவின் குகையில் ஒளிந்திருந்த மெக்டொனால்டு ஊர் மக்கள் முழுவதையும் மெக்லவுடுகள் வாயிலில் தீ மூட்டிப் புகையில் கொன்றதற்கு இது பழி. அங்கே இறந்தவர்கள் 400 பேருக்குச் சற்றுக் குறைவு என்று சொல்வார்கள். கோட்டைக் கண்ணாடிக்குள் பார்த்த அதே பட்டு, இந்தக் கரைக்கு வந்திருக்கிறது. புல்லில் ஆடுகள் மேய்ந்தன. நாங்கள் அதிகம் பேசவில்லை.

மத்தியானம் கிளென்டேல் போகும் ஒற்றைத்தடச் சாலை. எதிரே வண்டி வந்தால் ஒதுங்க ஆங்காங்கே இடம் விட்டிருக்கிறார்கள். யார் அருகில் இருக்கிறாரோ அவர் ஒதுங்குவார், கடந்து போகிறவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். அன்று நூறு விரல்கள் பார்த்திருப்பேன், ஒருவர்கூடத் தவறவில்லை. நாங்கள் ஒருமுறை ஒதுங்கும்போது இடது பின்சக்கரம் கூரான கல்லில் ஏறிப் பஞ்சர். டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி இல்லை, காற்றடிக்கும் டப்பா ஒன்றுதான். கிழிசல் பெரிது, டப்பா உதவவில்லை. காற்று நின்றதும் மிட்ஜ் எனும் பொடிக்கொசுப் பூச்சி மேகம்போல் சூழ்ந்துகொண்டது. காதுக்குள், புருவத்துக்குள், தலைவகிட்டில்.

அரைமணி கழித்து டிராக்டரில் ஒருவர் வந்தார், பின்னால் இரண்டு நாய்கள். இறங்கி, எதுவும் கேட்காமல் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்து, கழற்றித் தரச்சொல்லி எடுத்துக்கொண்டு போனார். ஒன்றரை மணி நேரத்தில் ஒட்டுப் போட்டுக் கொண்டுவந்து மாட்டியும் கொடுத்தார். பணத்தைப் பார்த்து ஒரு அடி பின்னால் போய்விட்டார். பையில் அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு இருந்தது. அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அங்கேயே ஒன்றைக் கடித்து, நாய்களுக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்.

அவர் பாட்டனார் ஒரு கிராஃப்டர், அதாவது சிறு குத்தகை விவசாயி. எதிரே இருந்த நினைவுக்கல்லை அவர்தான் காட்டினார். 1880-களில் இந்தப் பள்ளத்தாக்கு மக்களுக்கு மேய்ச்சல் நிலம் மறுக்கப்பட்டது. கரையில் ஒதுங்கும் கட்டையைப் பொறுக்கக்கூடத் தடை. அவர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு போய் நிலத்தில் விட்டார்கள், வந்த போலீசைத் துரத்தினார்கள். 1883-இல் அரசாங்கம் ஜாக்கல் என்ற பீரங்கிப் படகையே அனுப்பியது. அவர்களின் தலைவர் ஜான் மெக்பெர்சனும் தோழர்களும் எடின்பரோவில் இரண்டு மாதம் சிறையிருந்தார்கள். அதே ஆண்டு விசாரணைக் குழு, 1886-இல் சட்டம்: குத்தகைக்காரரை நினைத்தபோது வெளியேற்ற முடியாது, வாடகை நியாயமாக இருக்கவேண்டும், உரிமை பிள்ளைக்கும் போகும். இன்று நான் நின்ற நிலத்தை அவர் உழுகிறார் என்றால் அந்தச் சட்டத்தால்தான். கோட்டையில் நான் தேடிய பிள்ளைகளை இந்தச் சாலையோரத்தில்தான் பார்த்தேன். சோப்பும் டீசலும் மணக்கிற கை, குலுக்கும்போது எலும்பு நொறுங்கியது.

செப்டம்பர் 11, வியாழன் – ஃபைரிஷ்

விடியுமுன் கிளம்பி, ஒரு மணிக்கெல்லாம் ஆல்னஸ் பக்கத்து ஃபைரிஷ் மலையடிவாரம். நேற்றிரவு முழுக்கத் தம்பி அந்த வாசலைப் பற்றியே படித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். கட்டியவர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைத்தளபதி சர் ஹெக்டர் மன்றோ, மன்றோ குலத்தின் நோவர் கிளைக்காரர். சென்னையில் குதிரைமேல் சிலையாக இருக்கும் தாமஸ் மன்றோ வேறு, இவர் வேறு. 1764-இல் பக்சாரில் வென்றவர். 1780 செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையைச் சுற்றி வளைத்து முடித்தபோது, பக்கத்திலேயே காஞ்சிபுரத்தில் படையோடு இருந்தும் போய்ச் சேராதவர். பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். நேற்று அதற்கு 245 வருஷம். மறுவருஷம் நாகப்பட்டினத்தை மூன்று வாரம் முற்றுகையிட்டு நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார். ஊர் திரும்பியதும் பிடித்த கோட்டையின் வாசலைப்போல ஒன்றை 1782-இல் இந்த மலைமேல் கட்டத் தொடங்கினார்.

பைன் மரங்களுக்கு நடுவே செங்குத்தான பாதை, சேறு, வேர்கள். 453 மீட்டர் மலை. எனக்கு மூச்சு வாங்கியது. இறங்கி வருகிற ஒவ்வொருவரும், இன்னும் கொஞ்சம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மரங்கள் முடிந்து ஹெதர் வெளி வந்ததும் காற்று ஆளைத் தள்ளியது. அப்போது தெரிந்தது. சாம்பல் நிறக் கல்லில், வானத்தின் ஓரத்தில், வரிசையாக வளைவுகளும் தூண்களும். மதிலும் இல்லை, ஊரும் இல்லை. வாசல் மட்டும்.

வெளிப்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்த்திருக்கிறேன். கோட்டை வாசல் என்று ஒன்றைப் பார்த்ததில்லை. இடிந்து, மண்ணாகி, ஊர் அதன்மேல் வளர்ந்துவிட்டது. அதன் சாயல் ஏழு கடல் தாண்டி இந்தக் குளிரில் நிற்கிறது. கோபம் வரும் என்று நினைத்தேன், வந்தது. புள்ளலூரில் செத்தவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்ச் சிப்பாய்கள்தானே. ஆனால் கல்லில் கை வைத்ததும் வேறொன்றும் வந்தது. பண்படுத்தாத கல். விளிம்புகள் கரடுமுரடாக, ஒரு ஆள் நெஞ்சோடு அணைத்துத் தூக்கக்கூடிய அளவு. அந்தக் காலத்தில் சுற்றுவட்டார மக்கள் நிலமிழந்து வேலையில்லாமல் இருந்தார்கள், கூலி கொடுக்கத்தான் இதைக் கட்டினார் என்பது இங்கே வழங்கும் கதை. மேலே வந்து சேர்ந்த கற்களை ராத்திரியில் கீழே உருட்டிவிடச் சொல்வாராம், மறுபடி தூக்கினால் மறுபடி கூலி கொடுக்கலாமே என்று. கருணை என்று சொல்லி முடிக்கிறார்கள். மரம்கூட வளராத இந்த உச்சிக்கு ஒரே கல்லை இரண்டாம் தடவை சுமந்தவனின் தோள்பட்டையைத்தான் நான் நினைத்தேன்.

வளைவின் மறைவில் காற்றுக்கு ஒதுங்கிப் புளிசாதம் பிரித்தோம். கீழே க்ரோமர்ட்டி கடற்கழி. அதில் எண்ணெய்த் துரப்பண மேடைகள் கால்களைத் தூக்கிக்கொண்டு நின்றன. கரையோரம் அறுப்புக்குக் காத்திருக்கும் வயல்கள். தம்பி அம்மாவுக்கு வீடியோ கால் போட்டான். அங்கே ராத்திரி ஏழரை.

"அம்மா, இது எந்த ஊர் வாசல்னு சொல்லு."

அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். மன்றோ, டச்சுக்காரன், கூலி, உருட்டிவிட்ட கல் எல்லாம். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"சரிடி, மலை மேல வாசல் கட்டியிருக்கான். உள்ள என்ன இருக்கு?"

போனைத் திருப்பி, வளைவு வழியாகத் தெரிவதைக் காட்டினேன்.

"ஒண்ணும் இல்லம்மா. கடல்தான்."

"நம்ம ஊர்லயும் அதானே" என்றாள். "காத்து இந்த அடி அடிக்குது, காதை மூடிக்கிட்டு எறங்குங்க ரெண்டு பேரும்."

மேற்கேயிருந்து மழை கடற்கழியைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. மிச்சப் புளிசாதத்தைக் கட்டிக்கொண்டு எழுந்தோம்.